மணிக்கூண்டின் ஏழு அங்குலம்

தலைவர் அம்மாவின் தலைக்கு மேலே மாட்டியிருந்த படம் சாய்ந்திருந்தது. யார் படம் என்றெல்லாம் அம்பலவாணன் பார்க்கவில்லை. மீசை வைத்த யாரோ ஒருவர், அந்தக் காலத்து நகராட்சித் தலைவராக இருக்கும், கழுத்தில் பிளாஸ்டிக் சாமந்தி மாலை, எல்லாம் சரி, ஆனால் இடது மூலை ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது, ஒரு விரற்கடைகூட இல்லை, அரை, அரை என்றால் மட்டும் விட்டுவிட முடியுமா, எழுந்து போய் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது, ஆனால் எழ முடியாது, அரியநல்லூர் நகர்மன்றக் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது, பதினெட்டாவது வார்டு உறுப்பினர் தெருநாய்களைப் பற்றி மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுகிறார், அவர் தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் படம் இன்னும் கொஞ்சம் இறங்குகிற மாதிரி இருக்கிறது. வியாதிதான், வேறென்ன சொல்ல. முப்பத்தோரு வருஷமாக ஊர் ஊராகப் போய்க் கட்டடங்களைப் படம் பிடிக்கிற மனுஷருக்கு நேராக நிற்காத எதைக் கண்டாலும் உடம்பெல்லாம் அரிக்கும். ஓட்டலில் சாப்பிடப் போனால் முதலில் காலண்டரை நிமிர்த்துவார், அப்புறம்தான் இலை. சங்கரன்கோவிலில் பெண் பார்க்கப் போன அன்றைக்கும் இப்படித்தான், பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து, கோமதியின் தாத்தா படத்தை லேசாகத் தொட்டார், லேசாகத்தான், சத்தியமாக லேசாகத்தான், ஆணி பெயர்ந்து தாத்தா தரையில் விழுந்து கண்ணாடி நூறு துண்டாகிவிட்டது. சபையில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. உள்ளறையிலிருந்து மட்டும் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், வாயைப் பொத்தியும் அடங்காமல், அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் கட்டிக்கொண்டார், அவள் எதற்காகக் கட்டிக்கொண்டாள் என்று இன்றுவரை அவர் கேட்டதில்லை. இன்றைக்கு அவர் எழவே கூடாது. இன்றைக்கு அவர் விருந்தாளி. மேஜையோரத்தில் ஒரு தட்டில் சரிகைச் சால்வை மடித்து வைத்திருக்கிறார்கள், அது அவருக்கு. நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது பொருள் வரும்போது போர்த்துவார்கள். இப்போது நடப்பது நாலாவது. ஒன்பதாவது பொருள் என்னவென்றால் மணிக்கூண்டை இடிப்பது.

இடிப்பதற்கு எதற்கு இவருக்குச் சால்வை என்று கேட்டால், அங்கேதான் வம்பே. நகராட்சிப் பொறியாளர் இளவழகன் இரண்டு மாதத்துக்கு முன்னால் சென்னைக்குப் போன் போட்டார். நல்ல மனுஷர், குரலிலேயே தெரிந்தது, மூச்சு வாங்கப் பேசினார். மணிக்கூண்டுக்கு நூறு வருஷம் ஆகிறது சார், விழா எடுக்கிறோம், உங்கள் புஸ்தகத்தில் எங்கள் மணிக்கூண்டு வந்திருக்கிறதே, அந்தப் படத்தைப் பெரிய பிளெக்ஸாக அடித்து மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே கட்டினோம் சார், கட்டி முடித்து எதிர்த்தாற்போல நின்று பார்த்தால், பிளெக்ஸில் இருக்கிறது நேராக நிற்கிறது, பின்னால் நிஜத்தில் இருக்கிறது சாய்ந்து நிற்கிறது! எனக்குக் கை கால் ஓடவில்லை சார், உடனே உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம், ஏழு அங்குலம் வெளியே தள்ளியிருக்கிறது, உங்கள் படம் எடுத்துப் பதினாலு மாசம், பதினாலு மாசத்தில் ஏழு அங்குலம் என்றால் அடுத்த மழைக்குத் தாங்குமா சார், நீங்க மட்டும் அந்தப் படம் எடுக்கலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது, எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க! அம்பலவாணன் அப்போது என்ன சொன்னார்? அந்த நிமிஷத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தம்பி, பதறாதீங்க, மணிக்கூண்டு பதினாலு மாசத்துக்கு முன்னாலும் சாய்ந்துதான் இருந்தது, படத்தில் அதை நிமிர்த்தினது நான்தான் என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி. அவர் சொன்னதோ, "அப்படியா?" அவ்வளவுதான். அப்படியாவாம். அதற்கப்புறம் இளவழகன் ஆறு தடவை போன் போட்டார், ஆறு தடவையும் இவர் ஏதாவது ஒரு அப்படியாதான் போட்டார், ஒவ்வொன்றிலும் உண்மை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது, இப்போது தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

நாலாவது பொருளில் நாய்களுக்குக் கருத்தடை நிறைவேறியது. ஐந்தாவது பொருள் பேருந்து நிலையக் கழிப்பறைக் கதவு. கதவு என்றதும் அம்பலவாணனின் மனசு லக்னோவுக்குப் போய்விட்டது, அங்கே பெரிய இமாம்பாராவின் வாசல் வளைவுகளை அவர் மூன்று நாள் நின்று எடுத்தார், கீழேயிருந்து நிமிர்ந்து எடுத்தால் கட்டடம் பின்பக்கமாக மல்லாந்து விழுகிற மாதிரி வரும், எல்லாக் கேமராவுக்கும் வரும், அதை நிமிர்த்துவது ஒன்றும் பொய்யில்லை, அது தொழில். படம் எடுக்கிற எல்லோரும் செய்வதுதான். அண்ணாந்து பார்த்ததால் வந்த கோணலை எடுத்துவிட்டுக் கட்டடத்துக்கு அதன் நிமிர்வைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதானே. சண்டிகரில் காங்கிரீட்டை நிமிர்த்தினார், பிஜாப்பூரில் கும்மட்டத்தை நிமிர்த்தினார், ஐதராபாத்தில் நாலு மினாரையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார், பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தை எடுக்க நின்றபோது வாட்ச்மேன் ஓடிவந்து இங்கே படம் எடுக்கக் கூடாது என்றான், ஏனப்பா என்றால் மறுபடியும் கூடாது என்றான், கண்ணாடியில் அவர்கள் இரண்டு பேரும் சண்டை போடுவது மட்டும் பதினாலு மாடிக்கும் தெரிந்தது, அதையும் கொண்டுவந்து நிமிர்த்தினார். இப்படி அறுபத்து நாலு கட்டடம். ஆயிரம் வருஷத்துக் கோயில் முதல் போன வருஷம் திறந்த ஏர்போர்ட் வரை. புஸ்தகத்துக்கு ‘நிமிர்ந்தவை’ என்று பெயர் வைத்தார். முன்னுரை வேறு எழுதினார், அதை நினைத்தால் இப்போது காதெல்லாம் சூடாகிறது. ‘நான் எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை, நின்றதை நின்றபடி தருகிறேன்.’ யார் எழுதச் சொன்னது? நாலு வரியில் நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? அந்த வரியை ஒரு பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள், அவர் அதை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார், கோமதி அதன்மேல் தினமும் காபி டம்ளரை வைக்கிறாள்.

ஆனால் இந்த மணிக்கூண்டு சமாசாரம் வேறு, அது தொழில் இல்லை, அவருக்குத் தெரியும். அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு எதிர்ச்சாரியில் முக்காலியை நட்டார். வெயில் பக்கவாட்டில் வந்து ஒவ்வொரு செங்கலையும் தனித்தனியாகக் காட்டியது, மணிக்கூண்டு அவ்வளவு அழகாக இருந்தது, நாலு அடுக்கு, அடியில் நாலு பக்கமும் வளைவு, ஒரு வளைவுக்குள் ஜெராக்ஸ் கடை. கேமராவின் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. சரி என்று கண்ணை வைத்தால் மணிக்கூண்டு சாய்கிறது. மறுபடி ரசமட்டம், மறுபடி நடு, மறுபடி சாய்கிறது. பக்கத்திலிருந்த தபாலாபீஸ் மட்டும் சிவனே என்று நேராக நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு கொத்தனார் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? மணிக்கூண்டு சாஞ்சிருக்கு என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போயிருப்பார். அம்பலவாணனுக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது, போச்சு, கண் போச்சு. ஐம்பத்தெட்டு வயசு, கழுத்தில் தேய்மானம் என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார், "உங்க தலையே ஒரு பக்கமாத்தான் நிக்கு, கண்ணாடியில பாருங்க" என்று கோமதி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் கண்ணாடியில் பார்க்கவில்லை, பயம். முப்பது வருஷம் அந்தக் கண்ணை வைத்துத்தான் சோறு, பேர், எல்லாம். அது போய்விட்டது என்று உலகத்துக்கு யாராவது சொல்வதற்கு முன்னால் மூடி மறைத்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தபோது கோமதி பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். "சவம், பாவமா ஒரு பக்கமா சாஞ்சு நிக்கே, நம்ம முத்தையா மாமா பஸ்ஸுக்கு நிக்க மாதிரி." இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேமரா சாஞ்சிருக்குடி, கட்டடம் எங்கயாவது சாயுமா? உனக்கென்ன தெரியும்?" என்றார். "எனக்கென்ன தெரியும், கண்ணுதான் தெரியும்" என்று அவள் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் அவர் மணிக்கூண்டைப் பிடித்து இழுத்தார். இழுத்தால் தபாலாபீஸ் சாய்ந்தது. அதை விட்டுவிட்டு மணிக்கூண்டை மட்டும் தனியாக வெட்டி, தனியாக நிமிர்த்தி, இரண்டுக்கும் நடுவே தெரிந்த வானத்துக்கு ஒட்டுப் போட்டார். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. கண் தவறினதைக் கை திருத்திவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினார்.

கண் தவறவில்லை என்பதுதான் வேடிக்கை. நேற்று ரயிலில் வரும்போது மடிக்கணினியைத் திறந்து, கை வைக்காத மூலப்படத்தையும் இளவழகன் அனுப்பிய இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே சாய்வு. ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை. அன்றைக்கு அந்தக் கண் ஏழு அங்குலத்தை நூறடி தள்ளி நின்று பிடித்திருக்கிறது! விழுப்புரம் தாண்டுகிறவரை அவருக்கு ஒரே சந்தோஷம், எதிர்சீட்டுக்காரருக்குக் காரணமில்லாமல் முறுக்குக் கொடுத்தார். விழுப்புரம் தாண்டியதும்தான் உறைத்தது, கண் நல்ல கண் என்றால் மனுஷன்தானே திருடன். அதற்கப்புறம் முறுக்கு இறங்கவில்லை.

கழிப்பறைக் கதவு ஒத்திவைக்கப்பட்டு, ஆறாவது பொருளாகச் சாக்கடை வந்தது. எப்படிச் சொல்வது என்று அவர் ஒத்திகை பார்த்தார். ‘மாண்புமிகு தலைவர் அவர்களே’, நகராட்சித் தலைவருக்கு மாண்புமிகு உண்டா, மாண்புமிகு போட்டால் கேலி என்று நினைத்துக்கொள்வார்களோ, ‘தலைவர் அம்மா அவர்களே, ஒரு சின்ன தொழில்நுட்பத் தவறு நேர்ந்துவிட்டது’, நேர்ந்துவிட்டதாம், யார் செய்யாமல் நேர்ந்தது, லென்ஸ் மேல் பழியைப் போடலாமா, ‘இந்த வகை லென்ஸில் சில சமயம் நிமிர்ந்து தெரியும்’ என்று சொன்னால் இந்த மன்றத்தில் யாருக்கு என்ன தெரியும், இளவழகனுக்குத் தெரியும், அவன் கண்ணைப் பார்க்காமல் குனிந்துகொண்டு பேசலாம், இல்லையென்றால் எதுவுமே சொல்லாமல் எழுந்து பாத்ரூம் போகிற மாதிரிப் போய்ப் பன்னிரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம், இடித்தால் இடிக்கட்டும், நூறு வருஷம் நின்றது போதாதா, எத்தனையோ ஊரில் எத்தனையோ இடிக்கிறார்கள், நான் ஒருத்தனா பொறுப்பு, ஆமாம், இதற்கு நான் ஒருத்தன்தான் பொறுப்பு, வேறு யாருமே இல்லை, தேடிப் பார்த்தாலும் ஒருத்தரும் இல்லை. சொல்லிவிட்டால் என்ன ஆகும்? நாளைக்கே எல்லா இடத்திலும் வரும், நின்றதை நின்றபடி தருகிறவர் வானத்துக்கு ஒட்டுப் போட்டார் என்று. புஸ்தகம் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. பாண்டிச்சேரிக் கல்லூரியில் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார், தலைப்பு ‘நேர்மையும் நேர்கோடும்’. ஐயோ, அந்தத் தலைப்பும் அவர் வைத்ததுதான்.

இந்த நேரம் பார்த்துப் பார்வையாளர் பெஞ்சில் அவர் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தாள். கையில் புஸ்தகம். அவருடைய புஸ்தகம்தான், பிளாஸ்டிக் உறை போட்டு. அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, மணிக்கூண்டு அடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஜெயமேரி, அன்றைக்குக் காலையில் முக்காலிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றவருக்கு டீயும் வர்க்கியும் கொண்டுவந்து கொடுத்தவள், வேண்டாம் என்றதற்கு, "எங்க மணிக்கூண்டைப் படம் புடிக்க வந்திருக்கீங்க, பச்சைத் தண்ணி குடிக்காமப் போவீங்களா?" என்று அதட்டினவள். எங்காவது தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்று அவர் பார்த்தார், தரை மொசைக்.

"சார், வந்துட்டீங்களா? நல்லா இருக்கீங்களா?" என்று கிசுகிசுத்தாள். "நல்லா இருக்கேம்மா." "கடையைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துட்டாங்க சார். பதினேழு வருஷக் கடை. அந்த வளைவுக்குள்ள இருந்துதான் ரெண்டு பொண்ணையும் படிக்க வச்சேன். ஆனா விழுற கட்டடத்துக்கு அடியில உக்காந்து நான் என்னன்னு வாதாடுறது? பள்ளிக்கூடப் புள்ளைங்க நடக்குற வழி வேற." "அது முன்னாடியே சாஞ்சு இருந்ததில்லையா?" என்று அம்பலவாணன் கேட்டார், ஏதோ மூன்றாம் மனுஷர் மாதிரி. ஜெயமேரி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அதத்தான் சார் நானும் சொன்னேன். மழை பெஞ்சா ஒரு பக்கம் மட்டும்தான் தண்ணி சொட்டும், நான் வந்த நாள்லேருந்து. கடைக்குள்ள பேனா வச்சா உருண்டு போவும். சொன்னேன் சார், ஒருத்தரும் கேக்கலை. உங்க படத்தைக் காட்டுறாங்க. இங்க பாரு, அவ்வளவு பெரிய ஆளு எடுத்தது, நேரா இருக்கு, நீ கடைக்காகப் பொய் சொல்றேன்னாங்க. நாள் பூரா அந்தப் படத்தையே பார்த்துப் பார்த்து, இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார், பேனா உருண்டது நிஜமா நான் நெனச்சுக்கிட்டதான்னு." சொல்லிவிட்டு அவள் புஸ்தகத்தை மடியில் வைத்து அதன் மேல் கையைக் கட்டிக்கொண்டாள். அவள் நியாயம் கேட்க வந்திருக்கிறாள், அதுவும் தன் கண்ணுக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிற நிலைமையில் வந்திருக்கிறாள். அம்பலவாணனுக்கு வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, உள்ளங்கால்வரை எரிந்தது. கண் போய்விட்டதோ என்று பதினாறு மாசத்துக்கு முன்னால் பயந்தது அவர். இப்போது அந்தப் பயத்தை ஊருக்கே தொற்ற வைத்திருக்கிறார். இவளிடமாவது இப்போதே சொல்லிவிடலாம், சின்னக் குரலில், அம்மா உங்க பேனா உருண்டது நிஜம் என்று, வாயைத் திறந்தார், திறந்த வாயில், "வெயில் ஜாஸ்தி" என்று வந்தது.

ஏழும் எட்டும் எப்படிப் போயின என்று அவருக்குத் தெரியவில்லை. "பொருள் எண் ஒன்பது" என்று யாரோ படித்தார்கள். ஜன்னலைச் சாத்தி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, இளவழகன் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இடது பக்கம் புஸ்தகப் படம், வலது பக்கம் போன வாரம் எடுத்தது, இரண்டிலும் சிவப்புக் கோடு. நேராக ஒன்று, சாய்ந்து ஒன்று. மன்றம் முழுவதும் உச்சுக் கொட்டியது. நாலாவது வார்டின் மூத்த உறுப்பினர் எழுந்தார், எண்பதை நெருங்குகிறவர், "நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது பார்த்திருக்கேன், கம்பு மாதிரி நேரா நின்ன மணிக்கூண்டு, இப்படி ஆகிப்போச்சே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னாலிருந்து, "ஆமா ஆமா, நேராத்தான் இருந்துச்சு" என்று நாலு குரல். அம்பலவாணனுக்கு மயக்கமே வந்தது. அத்தனை வருஷம் தினமும் பார்த்த மனுஷருக்கு ஒரு படம் போதுமா ஞாபகத்தை மாற்ற? எவ்வளவு சுத்தமாக ஒட்டியிருக்கிறேன் பார் அந்த வானத்தை, ஒரு கோடு தெரியவில்லை என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது, சனியன், இந்த நேரத்திலும் வருகிறது பார். இளவழகன் திரும்பி, "இந்தப் படத்தை எடுத்த ஐயா அவர்களே நம்மகூட இருக்காங்க" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. தலைவர் அம்மா சால்வைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, "ஐயா, ரெக்கார்டுக்காக ஒரு வார்த்தை. இது நீங்க எடுத்த படம்தானே?" என்றார். அம்பலவாணன் எழுந்தார். மாண்புமிகுவும் வரவில்லை, தொழில்நுட்பமும் வரவில்லை.

"எடுத்தது நான்தாம்மா. நிமிர்த்தினதும் நான்தான்."

யாருக்கும் புரியவில்லை. "அன்னைக்கே அது சாஞ்சுதான் இருந்துச்சு" என்றார், இப்போது குரல் கொஞ்சம் உரத்து வந்தது. "நான் என் கண்ணு கெட்டுப்போச்சுன்னு பயந்து, வீட்டுல உக்காந்து படத்துல அதை நேராக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. பொறியாளர் தம்பி போன் பண்ணப்பவும் சொல்லலை. தப்பு. ரொம்பப் பெரிய தப்பு." மூத்த உறுப்பினர் சிரித்தார். "ஐயா தன்னடக்கமாப் பேசுறாரு." இரண்டு பேர் கைதட்டினார்கள். அட கடவுளே, உண்மையைச் சொன்னால் அதற்கும் கைதட்டுகிறார்களே! "தன்னடக்கம் இல்லைங்க, பொய்யிங்க, நான் பொய் பண்ணியிருக்கேன்" என்று அம்பலவாணன் கிட்டத்தட்டக் கத்தினார். "நாங்க நேராத்தானே பார்த்திருக்கோம்?" என்று மூத்தவரும் விடவில்லை. இளவழகன் மட்டும் வெளுத்துப்போய் நின்றார். "சார், வெளையாடாதீங்க. ப்ரூஃப் இருக்கா?" இருந்தது. மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், ஒயரை இளவழகனே மாட்டினார். மூலப்படம் சுவரில் வந்தது, தேதியோடு, தபாலாபீஸ் நேராக, மணிக்கூண்டு பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி ஒரு பக்கம் ஒய்யாரமாக. இளவழகன் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போய், முதலில் போன வாரப் படத்தில் அளந்தார், அப்புறம் இதில் அளந்தார், கணக்குப் போட்டார், மறுபடி அளந்தார். "அதே ஏழு" என்றார். "நகரவே இல்லை." அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கோபப்படுவார் என்று அம்பலவாணன் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். "ரெண்டு மாசமா நான் சரியாத் தூங்கலை சார்" என்றார் இளவழகன், கைக்குள்ளேயே. "பள்ளிக்கூட பெல் அடிக்கிறப்பல்லாம் ஓடிப்போய் ஜன்னல்ல பார்ப்பேன்." மன்னிச்சுக்கங்க தம்பி என்றார் அம்பலவாணன், இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் போதவில்லை.

தலைவர் அம்மா கெட்டிக்காரி. சால்வைத் தட்டை வந்த வழியே சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, இடிக்கும் தீர்மானம் திரும்பப் பெறப்படுகிறது, வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஆள் வரவழைத்து மணிக்கூண்டைச் சோதிப்பது, அதுவரை கடைக்காரருக்குக் கொடுத்த நோட்டீஸ் நிறுத்திவைக்கப்படுகிறது என்று மூன்று வாக்கியத்தில் முடித்தார். "ஐயாவோட படம் ரெண்டாவது பதிப்புல எப்படி வருமோ, அது அவர் இஷ்டம்" என்று நாலாவதாக ஒன்று சேர்த்தார், அது போய்த் தைத்தது. ஜன்னலைத் திறந்தார்கள், வெயில் வந்தது. அவமானம்தான், காது இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது, இருந்தாலும் நெஞ்சில் ரொம்ப நாளாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்ட மாதிரி அவருக்கு மூச்சு நன்றாக வந்தது. பெஞ்சுக்குத் திரும்பினார். ஜெயமேரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டப் போகிறாள், திட்டட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கையைக் கட்டிக்கொண்டார். அவள் புஸ்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள், லக்னோ, பிஜாப்பூர், சண்டிகர், தஞ்சாவூர், அந்தக் கண்ணாடிக் கட்டடம், எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் நிற்கிற மாதிரி விறைத்து நின்றன. ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சார், எங்களுது போக இதுல இன்னும் அறுபத்து மூணு இருக்கு. அதெல்லாம் உள்ளபடியே நேராத்தான் நிக்குதா?"

ஆமாம் என்று சொல்ல அம்பலவாணன் வாயைத் திறந்தார். கேமரா அண்ணாந்ததால் நிமிர்த்தினது எது, கட்டடமே அப்படி நின்றதால் நிமிர்த்தினது எது என்று ஒவ்வொரு ஊராக மனசுக்குள் போய்ப் பார்த்தார், எல்லா ஊரிலும் அவர் கை முந்திக்கொண்டு போயிருந்தது, கண் பார்த்ததை எங்கேயும் காணவில்லை.

"தெரியலையேம்மா" என்றார். "மறுபடியும் போய்த்தான் பார்க்கணும்."